ஆளைப் பிடிக்கணுமா... ஏரியாவைப் பிடிக்கணுமா?

ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கங்க. அய்யய்யோ வேணாம், திறங்க. அப்புறம் இதை எப்படிப் படிப்பீங்க?

சீன் இதுதான். எங்க காலேஜ் டிபார்ட்மென்ட் ஃபுட்பால் ஃபைனல். மெக்கானிக்கலுக்கும் எலெக்ட்ரிக்கலுக்கும் மோதல். ஸ்கோர் 0-0. விசில் ஊத இன்னும் ரெண்டே நிமிஷம். அவங்களுக்கு ஒரு கார்னர் கிடைக்குது. நான் மூணாம் நம்பர் ஜெர்சி, லெஃப்ட் பேக். கோல் போஸ்ட் பக்கத்துல நிக்கிறேன். எனக்கு ரெண்டு அடி தள்ளி நாலாம் நம்பர், எங்க ஸ்டாப்பர் பேக். எல்.கே.ஜி-யில் இருந்து என்கூடப் படிக்கிறவன், ஒரே தெரு, திருவொற்றியூர்.

பந்து மேலே வருது. எலெக்ட்ரிக்கல் ஒன்பதாம் நம்பர் எங்கேயோ பின்னாடி இருந்து ஓடி வர்றான். அவனை நாலாம் நம்பர் பார்த்துப்பான்னு நான் நினைச்சேன். அவனை மூணாம் நம்பர் பார்த்துப்பான்னு நாலாம் நம்பர் நினைச்சான். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல, கல்யாண மண்டபத்துக்குள்ள வர்ற மாப்பிள்ளை மாதிரி ஜம்முனு வந்து, தலையால ஒரு தட்டு. கோல்! கப்பு போச்சு.

"அவன் உன் ஏரியாடா!"

"இன்னாது, என் ஏரியாவா? உன் ஏரியாடா!"

சென்ட்ரல் போற ட்ரெயின்ல ஒரே பெட்டியில் எதிர் எதிர் ஓரத்தில் உட்கார்ந்து வந்தோம். ஒரு வாரம் பேச்சே இல்லை. என்கிட்ட இருந்த அவனோட டிராஃப்டர்கூட வேற ஆள் மூலமாத்தான் திரும்பிப் போச்சு. அப்பதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. உண்மையிலேயே அது யார் தப்பு?

அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் போனா, உலகம் பூரா பெரிய பெரிய கோச்சுங்க இதுக்காகத்தான் மண்டையைப் பிய்ச்சுக்கிட்டு இருக்காங்க பாஸ்!

ஆள் கணக்கு

தடுப்பாட்டத்தில் ரெண்டே ரெண்டு அடிப்படை வழிதான். முதல் வழி, மேன் மார்க்கிங். 'நீ ஒன்பதாம் நம்பரைப் பிடி. அவன் தண்ணி குடிக்கப் போனா நீயும் போ.' அவ்வளவுதான் பாடம். ஒருத்தனுக்கு ஒருத்தன். யார் எதுக்குப் பொறுப்புன்னு பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

இதில் டெரர் உதாரணம் 1982 உலகக் கோப்பை. இத்தாலியின் கிளாடியோ ஜென்டிலேவுக்கு ஒரே வேலை, மாரடோனாவை விடாதே! மனுஷன் அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டார். அந்த ஒரே மேட்ச்ல மாரடோனா மேல மட்டும் 23 ஃபவுல். அர்ஜென்டினா 1-2-ன்னு தோத்துப் போச்சு. பேரு 'ஜென்டில்', ஆளு அப்படி!

இன்னொரு கதை 2004 யூரோ கோப்பை. 'மேன் மார்க்கிங்லாம் தாத்தா காலத்து டெக்னிக்' என்று எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்த நேரத்தில், ஜெர்மன் கோச் ஓட்டோ ரேஹாகல் கிரீஸ் டீமை அந்தத் தாத்தா டெக்னிக்கோடவே கூட்டிக்கிட்டு வந்தார். காலிறுதியில் பிரான்ஸ், அரையிறுதியில் செக் குடியரசு, ஃபைனலில் போர்ச்சுகல். மூணு பேருக்கும் ஒரே டோஸ், 1-0! மூணுமே தலையால் முட்டின கோல். அதில் அரையிறுதி கோலும் ஃபைனல் கோலும் கார்னரில் இருந்து வந்தது. நம்ம ஆப்புக்கும் கார்னருக்கும் எவ்வளவு நெருங்கிய சொந்தம் பார்த்தீங்களா?

சரி, இவ்வளவு நல்ல வழியில் என்ன ஓட்டை? நீங்க ஒருத்தனை மட்டுமே பார்க்கறீங்க, பந்தைப் பார்க்கலை. அவன் உங்களை வேணும்னே ஓரமா இழுத்துக்கிட்டுப் போனா, நீங்க நின்ன இடம் காலி. 1990 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு அதே மாரடோனா கத்துக்கொடுத்த பாடம் இதுதான். பந்தோட ஓடி வர்றார். பிரேசில் ஆளுங்க ஒவ்வொருத்தரா அவர் பக்கம் திரும்பறாங்க. கனீஜியாவை எல்லாரும் மறந்தே போனாங்க. ஒரு பாஸ், ஒரு கோல், பிரேசில் வீட்டுக்கு! வடசென்னையில் பிரேசில் ரசிகருங்க எக்கச்சக்கம். 1990-ல் எங்க தெரு எப்படி அழுததுன்னு மாமா இன்னிக்கும் சொல்வார்.

ஏரியா கணக்கு

ரெண்டாவது வழி, ஸோன். இங்கே நீங்க காவல் காக்கறது ஆளை இல்லை, இடத்தை. உங்க கட்டத்துக்குள்ள யார் வந்தாலும் உங்க கஸ்டமர். கட்டத்தை விட்டுப் போனா அடுத்த கட்டத்துக்காரன் கஸ்டமர். எண்பதுகளின் கடைசியில் இத்தாலியின் ஏ.சி. மிலான் டீமை அரிகோ சாக்கி இந்த வழியில்தான் பழக்கினார். பரேசி, மால்தினி எல்லாரும் கயிறு கட்டின மாதிரி ஒரே வரிசையில் முன்னேறுவாங்க, ஒரே வரிசையில் பின்வாங்குவாங்க. 1989, 1990 ரெண்டு வருஷமும் ஐரோப்பியக் கோப்பை அவங்களுக்குத்தான்.

ஸோனில் பெரிய லாபம், உங்க கண்ணு எப்பவும் பந்து மேல இருக்கும். யாரும் உங்களை ஊர்வலமா இழுத்துக்கிட்டுப் போக முடியாது. பெரிய நஷ்டம், ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல இருக்கற கோடு. அந்தக் கோட்டு மேல ஒருத்தன் வந்து நின்னா அவன் யாரு கஸ்டமர்? எங்க ஒன்பதாம் நம்பர் வந்து நின்னது கரெக்டா அந்தக் கோட்டுலதான்!

மெஷின் டிசைன் வகுப்பில் எங்க சார் அடிக்கடி சொல்வார். 'பார்ட் நல்லாத்தான் இருக்கும், பிரச்னை வர்றது ஜாயின்ட்ல.' அரியர் வெச்ச சப்ஜெக்ட் இப்படி ஃபுட்பால் கிரவுண்டில் வந்து உதவும்னு யார் கண்டா?

இன்னொண்ணும் கவனிங்க. மேன் மார்க்கிங்ல கோல் விழுந்தா, திட்டறதுக்கு ஒரு ஆள் ரெடியா இருப்பான். ஸோன்ல கோல் விழுந்தா யாரைத் திட்டறதுன்னே தெரியாது. அதனால எல்லாரும் எல்லாரையும் திட்டுவாங்க.

அமெரிக்காவிலும் அதே சண்டை

இந்தச் சண்டையை ஒரு சயின்ஸ் ஆகவே ஆக்கி வெச்சிருக்கறது அமெரிக்கன் ஃபுட்பால். ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிவாங்களே, அதுதான். குவார்ட்டர்பேக் என்ற ஆள் பந்தை எறிவார். அதைப் பிடிக்க ரிசீவர்கள் ஆளுக்கொரு திசையில் ஓடுவாங்க. அவங்களைத் தடுக்கற வேலைக்குப் பேரு 'கவரேஜ்'.

அங்கேயும் மேன், ஸோன் ரெண்டும்தான். ஆனா நம்பர் போட்டுப் பேசுவாங்க. 'கவர்-1' என்றால் ஆளுக்கொரு ரிசீவரைப் பிடிச்சுக்கிட்டு, ஆழத்தில் ஒரே ஒருத்தர் பாதுகாப்புக்கு நிப்பார். 'கவர்-2' என்றால் மைதானத்தின் ஆழத்தை ரெண்டு பேர் பாதிப் பாதியா பிரிச்சுக்குவாங்க. 'கவர்-3'-ல் மூணு பேர். 'கவர்-0' என்றால் பின்னாடி யாருமே இல்லை. சாமி விட்ட வழி!

மேனை உடைக்க அங்கே ஒரு குறும்பு உண்டு. ரெண்டு ரிசீவர்கள் கத்தரி மாதிரி குறுக்கும் நெடுக்குமா ஓடுவாங்க. துரத்தற ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் மோதி நிப்பாங்க. ஸோனை உடைக்க இன்னொரு குறும்பு. ரெண்டு பேர் காவல் காக்கற ஏரியாவுக்குள்ள மூணு ரிசீவரை அனுப்புவாங்க. கணக்கு உதைக்கும், ஒருத்தன் சும்மா நிப்பான்.

எதிராளி மேனா ஸோனான்னு முன்கூட்டியே கண்டுபிடிக்கறதுக்கும் ஒரு வழி வெச்சிருக்காங்க. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு ரிசீவரை இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் நடக்க விடுவாங்க. எதிராளி ஒருத்தன் கூடவே பின்னாடி போனா, அநேகமா மேன். யாரும் அசையாம தோளை மட்டும் லேசா நகர்த்திக்கிட்டா, அநேகமா ஸோன். சில டீம் இதுலயும் நடிக்கும், அது தனிக்கதை. அடுத்த தபா கார்னர் எடுக்கறப்ப நீங்களும் இப்படி ஒருத்தனை சும்மா நடக்க விட்டுப் பாருங்க, எதிராளி வண்டவாளம் தெரிஞ்சிடும்!

சூப்பர் கதை 2019 பிப்ரவரி 3-ம் தேதி அட்லாண்டாவில் நடந்தது. சூப்பர் பவுல் ஃபைனல். ஒரு பக்கம் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ், அந்த சீசனில் ஒரு மேட்ச்சுக்கு சராசரியா 32 பாயின்ட்டுக்கு மேல குவிச்ச டீம். இன்னொரு பக்கம் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ், கோச் பில் பெலிசிக். சீசன் பூரா பேட்ரியாட்ஸின் பேர் போன ஆயுதம் மேன் கவரேஜ். ராம்ஸும் அதை எதிர்பார்த்துத்தான் வந்தாங்க. ஃபைனலில் பெலிசிக் பெரும்பாலும் ஸோனுக்கு மாறிட்டார்! ராம்ஸ் எடுத்தது மொத்தமே 3 பாயின்ட். 13-3, பேட்ரியாட்ஸுக்குக் கப்பு. எது நல்ல வழின்னு அவர் பார்க்கலை. எதிர்ல இருக்கறவன் எதை எதிர்பார்க்கறான்னு பார்த்தார்.

அதுக்காக ஸோன்தான் பெஸ்ட்னு முடிவு கட்டிடாதீங்க. 2022 ஜனவரியில் பஃபலோ பில்ஸ் டீம் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸை மூணு பாயின்ட் வித்தியாசத்தில் முந்தி நிக்குது. மீதி 13 விநாடிதான். தடுப்பாளருங்க ரொம்பத் தள்ளி நின்னு ஆழத்தைக் காவல் காத்தாங்க. சீஃப்ஸ் நடுவுல கிடைச்ச காலி இடத்தில் ரெண்டே ரெண்டு பாஸ் போட்டு 44 யார்டு வந்துட்டாங்க. ஸ்கோர் சமன். அப்புறம் கூடுதல் நேரத்தில் ஜெயிச்சே போயிட்டாங்க. 13 விநாடி பாஸ்! நாங்க ரெண்டு நிமிஷத்துல தோத்ததுக்கா அழுதோம்?

சந்து கிரவுண்டு பசங்க

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். வடசென்னைன்னா சினிமாவில் பாக்ஸிங், கேரம் போர்டு, 'பிகில்' படத்துக்கு அப்புறம் ஃபுட்பால். ஆனா படத்துக்கு ரொம்ப முன்னாடியே இங்கே பந்து உருண்டுக்கிட்டுத்தான் இருக்கு. 2018-ல் சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல். கப்பு ஜெயிச்ச சீசனில் நடுக்களத்தில் ஆடின தனபால் கணேஷ், வியாசர்பாடிக்காரர்.

எங்க தெருப் பசங்களிடம் ஒரு விஷயம் கவனிச்சேன். பந்தோட ஒருத்தனை ஏமாத்தி வெட்டிட்டுப் போறதில் கில்லாடிங்க. எதிராளியை விடாம ஒட்டிக்கறதிலும் கில்லாடிங்க. ஆனா பெரிய கிரவுண்டில் இறக்கி 'ஏரியா பார்த்து நில்லு'ன்னு சொன்னா திருதிருன்னு முழிப்போம். ஏன்?

எங்க சந்தோட அகலம் எட்டு அடி. ரெண்டு பக்கமும் பைக் நின்னா அஞ்சு அடி. இதுல எங்கே போய் ஏரியா பிரிக்கறது? சுவரு, நீ, நான். அவ்வளவுதான் கிரவுண்டு. இங்கே பிறந்தவனுக்கு மேன் மார்க்கிங் தாய்மொழி மாதிரி. ஸோன், செமஸ்டருக்காகப் படிக்கற ஃபாரின் மொழி மாதிரி.

'பக்கத்துலயே கடல் இருக்கே, பீச்சுல ஆடலாமே?' என்று மயிலாப்பூர் நண்பன் கேட்டான். நல்ல கேள்விதான். நம்ம கடற்கரையில் வருஷத்தில் பெரும்பகுதி நேரம் அலை மணலைத் தெற்கில் இருந்து வடக்காகத் தள்ளிக்கிட்டே போகும். 1870-களில் சென்னைத் துறைமுகத்தைக் கடலுக்குள்ள சுவர் எழுப்பிக் கட்ட ஆரம்பிச்சாங்க. மணலுக்கு வழி அடைபட்டது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்னிக்கு நாம பார்க்கற அகலமான மெரினா. வடக்கே வரவேண்டிய மணல் வரலை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்ன ஆரம்பிச்சது. அதைத் தடுக்கத்தான் கரையோரம் கருங்கல் கொட்டியிருக்காங்க. 'தூண்டில் வளைவு' போட்ட இடங்களில் கொஞ்சம் மணல் திரும்ப வந்திருக்கு. அந்தத் துண்டு மணலிலும் வலையும் படகும் போக மிச்சம்தான் எங்க கிரவுண்டு.

யோசிச்சுப் பாருங்க. மெரினாவில் ஒரே நேரத்தில் எத்தனையோ டீம் ஆடுது. அந்த மணலில் ஒரு பங்கு எங்களுக்கு வந்திருக்கணும். எட்டு அடி சந்தில் வளர்ந்தவனுக்கு 'ஸோன் தெரியலை'ன்னு செலக்‌ஷனில் கழிச்சு விட்டா, அது அவன் தப்பு மட்டும்தானா? கிரவுண்டு இருந்தாத்தானே பாஸ் ஏரியா பிரிக்க முடியும்?

டீக்கடையில் ஒரு கோச்சிங்

எங்க மாமா ஹார்பரில் கிரேன் ஆபரேட்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். அந்தக் காலத்தில் வெறுங்காலோட ஸ்டாப்பர் பேக் ஆடினவர். சண்டைக் கதையை அவரிடம் கொட்டினேன். டீக்கடை பெஞ்சில் கிளாஸ், பிஸ்கட், தீப்பெட்டி எல்லாத்தையும் பரப்பி கோல் போஸ்ட் கட்டினார்.

"நீ இங்க, அவன் அங்க. இந்த பிஸ்கட்டுதான் ஒன்பதாம் நம்பரு. யாருனா வாயத் தொறந்தீங்களா?"

"இல்ல மாமா."

"அப்பால இன்னா ஸோனு? மேல கிரேன்ல நான் குந்திக்கினு இருப்பேன். கீழ இருக்கறது எனக்கு முழுசா தெரியாது. சிக்னல் குடுக்கறவன் கம்முனு இருந்தான்னா பொட்டி எவன் தலைமேலனா எறங்கும். யாரு தப்புன்னு அப்புறமா என்கொயரி வெப்பாங்க. பொட்டி எறங்கினது எறங்கினதுதான்."

சொல்லிட்டு ஒன்பதாம் நம்பரை டீயில் முக்கிச் சாப்பிட்டுட்டார்.

எனக்கு அப்பதான் உறைச்சது. மேன் மார்க்கிங்கை வாயைத் திறக்காமலே ஓரளவு சமாளிச்சிடலாம். ஸோனில் அது முடியாது. கோட்டு மேல ஒருத்தன் வந்தா, 'என்னுது'ன்னு ஒருத்தன் கத்தியே ஆகணும். யாரும் கத்தலைன்னா ரெண்டு பேர் காவல் இருந்தும் அங்கே ஒருத்தனும் இல்லைன்னு அர்த்தம். எங்க ரெண்டு பேருக்கும் ஸோன் தெரியும். பேசத்தான் தெரியலை. மேட்சிலும் சரி, அதுக்கப்புறம் ட்ரெயினிலும் சரி.

இன்னிக்கு நிறைய டீம் ரெண்டையும் கலந்துதான் கார்னரைத் தடுக்கறாங்க. கோல் போஸ்ட் பக்கத்திலும் கீப்பருக்கு முன்னாடியும் மூணு நாலு பேர் ஏரியா காவல். நல்லா ஹெட்டர் அடிக்கற எதிராளிங்களுக்கு மட்டும் தனித்தனியா ஆள். ஹெட்டர் புலிகளை விட்டா என்ன ஆகும்? 2018 மார்ச் 17-ம் தேதி ஐ.எஸ்.எல். ஃபைனலை ஞாபகப்படுத்திக்கங்க. பெங்களூருக்கே போய் பெங்களூரு எஃப்.சி-யை 3-2-ன்னு ஜெயிச்சது நம்ம சென்னை. அதில் ரெண்டு கோல், கார்னரில் இருந்து ஸ்டாப்பர் பேக் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டினது. நாம ஜெயிச்சதால அன்னிக்கு விசில் அடிச்சேன். இப்ப ரீப்ளே பார்க்கறப்ப, பெங்களூரு பேக்குங்க ட்ரெயின்ல எப்படித் திரும்பிப் போயிருப்பாங்கன்னு தோணுது!

கார்னர் வந்தா கத்த வேண்டிய நாலு வார்த்தை

'என்னுது!' - பந்துக்கு நீங்க போறப்ப. ரெண்டு பேர் ஒரே பந்துக்கு முட்டிக்க மாட்டீங்க.

'உன்னுது!' - உங்க கட்டத்தில் இருந்து அடுத்த கட்டத்துக்கு ஆள் போறப்ப. அவன் தலையாட்டற வரைக்கும் நீங்க விடாதீங்க.

'பின்னாடி ஆள்!' - முன்னாடி இருக்கறவன் பார்க்க முடியாததை நீங்க பார்க்கறப்ப.

'ஏறு!' - பந்து வெளியே போனதும் மொத்த வரிசையும் முன்னேற.

தொண்டை கட்டினாப் பரவாயில்லை. ஸ்ட்ரெப்சில்ஸ் விலை, கப்போட விலையை விடக் கம்மி.

அப்புறம் என்ன ஆச்சு?

அன்னிக்கு ராத்திரியே நாலாம் நம்பர் வீட்டு வாசலில் போய் நின்னேன். "மச்சான், அந்தக் கோல் என்னுதுடா"ன்னேன். அவன் ரெண்டு செகண்ட் முறைச்சான். "போடா, என்னுதுடா"ன்னான். ஒரு மாசம் லேட்டா, ஆனா கரெக்டான வார்த்தையைத்தான் ரெண்டு பேரும் சொன்னோம்.

அடுத்த செமஸ்டர். அதே எலெக்ட்ரிக்கல், அதே ஒன்பதாம் நம்பர், அதே மாதிரி ஒரு கார்னர். கோட்டு மேல ஓடி வந்தான். "என்னுது!" என்று கத்தினேன். கிரவுண்டுக்கு வெளியே டீ வித்துக்கிட்டு இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். நாலாம் நம்பர் ஒதுங்கினான், நான் குதிச்சேன், பந்து வெளியே போச்சு.

கப்பு வாங்கினோமான்னு கேக்கறீங்களா? இல்லை பாஸ். கடைசியில் பெனால்டியில் தோத்தோம், அதையும் மிஸ் பண்ணது நான்தான். ஆனா இந்தத் தபா சென்ட்ரல் ட்ரெயினில் பக்கத்துப் பக்கத்து சீட்டு. எனக்கும் சேர்த்து சமோசா வாங்கினவன் நாலாம் நம்பர்!

உங்க டீமில் யாரோ ஒருத்தன்கூட இப்படி 'உன் ஏரியாடா' சண்டை பாக்கி இருக்கா? ஃபுட்பால்தான்னு இல்லை, ஃபைனல் இயர் புராஜெக்ட்டா இருந்தாலும் சரி. போனை எடுங்க. முதல் வார்த்தை என்ன சொல்லணும்னுதான் இப்ப தெரியுமே!